எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லையா? கல்லூரி மாணவர்களின் எழுத்துத் திறனை வளர்ப்பது எப்படி? - முழு விளக்கம்

அலங்காநல்லூர் வாடிவாசலில் இருந்து சீறி வரும் காளை, மாடுபிடி வீரர்களைத் தாண்டிப் போக எடுத்துக்கொள்ளும் நேரம் சில நொடிகள்தான். தை 3-ம் நாள் டிவியில் எல்லோரும் பார்ப்பது அந்தச் சில நொடிகளை மட்டும்தான். ஆனால் மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அதற்குப் பின்னால் ஒரு வருட வேலை இருக்கிறது. நடைப்பயிற்சி, நீச்சல், மண் குத்தும் பயிற்சி என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பழக்காத மாட்டை யாரும் வாடிவாசலுக்குக் கூட்டி வருவதில்லை.

அதே ஊரில் இருந்து காலையில் பஸ் பிடித்து மதுரைக்குப் படிக்கப் போகும் கல்லூரி மாணவர்களின் கதை இதற்கு நேர் எதிர். செமஸ்டர் தேர்வில் 3 மணி நேரம் எழுத வேண்டும். அசைன்மென்ட் எழுத வேண்டும். கடைசி வருடம் புராஜெக்ட் எழுத வேண்டும். அப்புறம் வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். ஆனால் எழுதிப் பழகுவதற்கு என்று ஒரு மணி நேரம், பெரும்பாலான டைம் டேபிளில் கிடையாது. பழக்கமே இல்லாமல் நேராக வாடிவாசல்தான்.

"படிச்சது எல்லாம் தெரியுது சார், எழுத உட்கார்ந்தா வர மாட்டேங்குது" என்பது கல்லூரிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. இது ஏன் நடக்கிறது? மாணவர், நண்பர்கள், ஆசிரியர், கல்லூரி என ஒவ்வொருவரும் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

தமிழ்நாட்டில் கல்லூரிக்குள் நுழைவது முன்பை விடப் பரவலாகி இருக்கிறது. உயர்கல்வி குறித்த மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்புப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47%. அகில இந்திய அளவில் இது 28.4%. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின.

இப்படி உள்ளே வருபவர்களில் பலர், அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள். வீட்டில் பாசம் இருக்கும், உழைப்பு இருக்கும். ஆனால் "இந்தப் பத்தியைக் கொஞ்சம் படிச்சுப் பாரு" என்று கொடுக்க ஆள் இருக்காது. பள்ளியில் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி, புத்தகத்திலோ கைடிலோ இருந்ததை மனப்பாடம் செய்து அப்படியே இறக்கியது. அதற்கு மார்க்கும் கிடைத்தது.

கல்லூரியில் கேள்வியின் தன்மையே மாறுகிறது. "விளக்குக" என்பது "ஒப்பிடுக", "மதிப்பிடுக", "உன் கருத்து என்ன" என்று ஆகிறது. இதற்கான பதில் எந்த கைடிலும் முழுதாக இருக்காது. சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். அங்கேதான் பேனா நின்றுவிடுகிறது.

தேர்வு முறையும் இதற்கு ஒரு காரணம். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்ற பங்கீடு இருக்கிறது. தேர்வுத்தாள் திருத்தப்பட்டு மார்க்காகத்தான் திரும்பி வருகிறது. எந்த இடத்தில் விளக்கம் போதவில்லை, எந்த வரி குழப்பியது என்பது எழுதியவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதாவது, எழுத்து சோதிக்கப்படுகிறது, சொல்லித்தரப்படுவது குறைவு.

எழுதத் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

மார்க்கோடு போகிற விஷயம் இல்லை இது. சில உதாரணங்கள்:

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 முதன்மைத் தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தாள் விரிவாக எழுதும் முறையில் நடக்கிறது. மொத்தம் 100 மதிப்பெண், குறைந்தது 40 எடுத்தாக வேண்டும். தரம் பத்தாம் வகுப்புதான். ஆனால் கேட்பது மொழிபெயர்ப்பு, சுருக்கி எழுதுதல், குறிப்புகளைக் கொண்டு விரித்தெழுதுதல், கடிதம் வரைதல் போன்றவை. இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் 40 வராவிட்டால் மற்ற தாள்களும் திருத்தப்படாது.

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கு மட்டும் 250 மதிப்பெண். 2 கட்டுரைகள், தலா 125. இதைத் தமிழிலும் எழுதலாம். இது தரவரிசையில் சேரும் மதிப்பெண்.

அரசு வேலையே வேண்டாம் என்றாலும், கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு, 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு ஆர்டிஐ விண்ணப்பம், பேங்க்குக்கு ஒரு புகார்க் கடிதம் இவை எல்லாமே எழுத்துதான். மனு எழுதித் தருபவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கும் குடும்பத்தில், பட்டம் படித்த பிள்ளையாலும் அதை எழுத முடியவில்லை என்றால் அந்தப் படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி வரும்.

பிழை விட்டால் புத்தி இல்லை என்று அர்த்தமா?

இல்லை. இதை ஆதாரத்தோடு காட்டியது நியூயார்க்கில் நடந்த ஒரு வேலை.

1970-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் கதவை அகலத் திறந்தது. நகரத்தில் பள்ளிப்படிப்பு முடித்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்று அறிவித்தது. அதுவரை கல்லூரி வாசலைப் பார்க்காத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், கறுப்பினத்தவர், குடியேறியவர்களின் பிள்ளைகள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். அவர்களின் எழுத்தைப் பார்த்த ஆசிரியர்களில் பலர் "இவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது?" என்று கையைப் பிசைந்தார்கள்.

அங்கே சிட்டி காலேஜில் பணியாற்றிய மினா ஷாக்னெஸி என்ற பேராசிரியை வேறு மாதிரி யோசித்தார். சேர்க்கையின்போது மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்துப் படித்தார். பிழைகளை எண்ணுவதை விட, ஒவ்வொரு பிழையும் ஏன் வந்தது என்று பார்த்தார். 1977-ல் வெளியான 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற அவரது புத்தகம் சொன்ன செய்தி எளிமையானது. இந்த மாணவர்கள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை, எழுத்துக்குப் புதியவர்கள். அவர்கள் விடும் பிழைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தால் சொல்லித்தருவது சுலபம்.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். "சமையல் பன்னினாள்" என்று ஒரு மாணவர் எழுதினால் வகுப்பே சிரிக்கும். ஆனால் பேச்சில் ண, ன இரண்டுக்கும் பலரிடம் வித்தியாசமே கேட்பதில்லை. காது பிரிக்காததைக் கை எப்படிப் பிரிக்கும்? "வந்துச்சு" என்று பேசுகிறவர் "வந்தது" என்று எழுதும்போது, மனதுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. அவசரத்தில் "வந்துது" என்று விழுகிறது. இது சோம்பல் இல்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள் விடும் பிழை.

அதனால் 40 இடத்தில் சிவப்பு மையால் சுழிப்பதை விட, "நீ திரும்பத் திரும்ப விடுவது இந்த 2 வகைப் பிழைதான்" என்று காட்டினால் பயன் அதிகம்.

போர்க் காலத்திலும் எழுதச் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணம்

இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒரு தமிழரும் இருக்கிறார். சுரேஷ் கனகராஜா, 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். போர்க் காலம். மின்சாரம் இல்லை, தாளுக்கே தட்டுப்பாடு. அப்படிப்பட்ட இடத்தில் இருந்து மேற்கத்திய ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதை, 2002-ல் வெளியான 'எ ஜியோபாலிட்டிக்ஸ் ஆஃப் அகாடமிக் ரைட்டிங்' என்ற புத்தகத்தில் அவர் பதிவு செய்தார். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவரது 1999-ம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் வரும். யாழ்ப்பாண மாணவர்களின் ஆங்கிலப் பாடநூல்களின் ஓரங்களை அவர் ஆராய்ந்திருக்கிறார். வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள், அந்த ஓரங்களில் தங்கள் வாழ்க்கையையும் அரசியலையும் கிண்டலையும் படமும் வாசகமுமாக நிரப்பி வைத்திருந்தார்கள். எழுத விஷயம் இல்லாமல் இல்லை. அந்த விஷயத்துக்கு வகுப்பில் இடம் இல்லை. ஆசிரியர்களுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. மாணவருக்குத் தெரிந்த உலகத்தில் இருந்து தலைப்பு கொடுத்தால், பாதி தயக்கம் அங்கேயே போய்விடும்.

ஒரு பத்தி எப்படி மேம்படுகிறது?

சொல்வதை விடச் செய்து பார்ப்பது நல்லது. அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை சில ஆண்டுகளாக இயங்காமல் கிடந்ததும், அதைத் திறக்கச் சொல்லி கரும்பு விவசாயிகள் போராடியதும் ஊர் அறிந்த செய்தி. இதைப் பற்றி அந்தப் பகுதி மாணவி ஒருவர் ஒரு பத்தி எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதல் வரைவு இப்படி இருக்கலாம்:

"இன்றைய நவீன காலகட்டத்தில் விவசாயம் நாட்டின் முதுகெலும்பாகத் திகழ்கிறது. ஆலை மூடப்பட்டதால் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். எனவே அரசு தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதில் அலங்காநல்லூரும் இல்லை, அந்த மாணவியும் இல்லை. எந்த ஊர் ஆலைக்கும் ஒட்டலாம். இந்த இடத்தில் வாசிப்பவர் கேட்க வேண்டியது 3 கேள்விகள்தான்:

1. "மக்கள்"னா யாரு? உனக்குத் தெரிஞ்ச ஒருத்தரைச் சொல்லு.
2. "பாதிப்பு"ன்னா என்ன ஆச்சு? கண்ணால பார்த்ததைச் சொல்லு.
3. முதல் வரியை எடுத்துட்டா ஏதாவது குறையுதா?

இரண்டாவது வரைவு இப்படி மாறலாம்:

"என் தாத்தா 2 ஏக்கரில் கரும்பு போட்டிருந்தார். ஆலை ஓடியவரை வெட்டிய கரும்பு பக்கத்திலேயே அரவைக்குப் போனது. ஆலை நின்ற பிறகு வெளியூர் ஆலைக்கு லாரி ஏற்ற வேண்டியிருந்தது. வெட்டிய கரும்பு காத்துக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதன் எடை குறையும், சாறின் சர்க்கரைச் சத்தும் குறையும். எடைக்குத்தான் விலை என்பதால் அந்த நஷ்டம் தாத்தாவுக்கு. இரண்டு வருடம் பார்த்தார். இப்போது அந்த வயலில் நெல்."

சொற்கள் கடினமாகவில்லை, எளிமையாகித்தான் இருக்கின்றன. அலங்காரம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஆனால் இந்தப் பத்தியைப் படிப்பவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார். இத்தனைக்கும் அந்த மாணவிக்கு இதெல்லாம் முதலிலேயே தெரியும். இதுதான் எழுத வேண்டிய விஷயம் என்று தெரியாமல் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வாசகர் தேவைப்பட்டார்.

எழுத்துப் பயிற்சியில் மையமான விஷயம் இதுதான்: யாராவது ஒருவர் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். எழுதியவர் திரும்ப எழுத வேண்டும். இந்த இரண்டும் நடக்காத எந்தப் பயிற்சியும் முழுசாகப் பலன் தராது.

நன்னூலில் இருக்கும் 'செக் லிஸ்ட்'

திருத்தும்போது எதைப் பார்ப்பது என்று தெரியவில்லையா? தமிழ் படித்தவர்களுக்கு 13-ம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் ஒரு பட்டியல் கொடுத்துவிட்டார். ஒரு நூலுக்கு இருக்கக் கூடாத 10 குற்றங்களை நன்னூல் பாயிரம் சொல்கிறது. அதில் சில, இன்றைய அசைன்மென்ட்டுக்கு அப்படியே பொருந்தும்:

• கூறியது கூறல்: சொன்னதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்வது. பக்கம் நிரப்பும்போது நடப்பது.

• குன்றக் கூறல்: தேவையான விளக்கம் இல்லாமல் பாதியில் விடுவது. "நமக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும்" என்று நினைத்துக்கொள்வதால் வருவது.

• மற்றொன்று விரித்தல்: கேட்டதை விட்டுவிட்டு, தெரிந்ததை எழுதுவது. தேர்வறையில் மிகப் பிரபலம்.

• மாறுகொளக் கூறல்: 2-ம் பக்கத்தில் சொன்னதை 5-ம் பக்கத்தில் மறுப்பது. பல இடங்களில் இருந்து எடுத்து ஒட்டினால் கண்டிப்பாக நடக்கும்.

• சென்று தேய்ந்து இறுதல்: முதல் பக்கம் அமர்க்களம், போகப் போக மங்கி, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது. முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதினால் வருவது.

எழுதி முடித்ததும் இந்த 5-ஐ மட்டும் வைத்து ஒரு முறை சொந்த எழுத்தைப் படித்தாலே, பாதித் திருத்தம் நடந்துவிடும்.

60 பேர் வகுப்பு... ஒரு ஆசிரியரால் முடியுமா?

நியாயமான கேள்வி. ஒரு தாளைப் படித்துக் குறிப்பு எழுத 10 நிமிடம் என்று வைத்தால், 60 பேருக்கு 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். ஒரு ஆசிரியருக்கு இப்படி 3, 4 வகுப்புகள் இருக்கும். நடக்காத காரியம்.

ஆனால் வழிகள் உண்டு.

குழுவாகப் பிரிப்பது: 60 பேரை 10 பேர் கொண்ட 6 குழுவாகப் பிரித்து, வாரம் ஒரு குழுவின் எழுத்தை மட்டும் படித்தால் 100 நிமிடம் போதும். 6 வாரத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று முடியும். ஒரு செமஸ்டரில் 2 சுற்று நடத்தலாம்.

ஒரு பக்கம் போதும்: 15 பக்க அசைன்மென்ட் ஒன்றை விட, ஒரே பக்கத்தை 2 முறை எழுத வைப்பது நல்லது. 15 பக்கம் கேட்டால் காப்பி அடிக்கத்தான் தோன்றும்.

மார்க்கை இரண்டாம் வரைவுக்குக் கொடுப்பது: முதல் வரைவுக்கு மார்க் இல்லை, 3 கேள்விகள் மட்டும். மார்க் பார்த்த மாணவர் குறிப்பைப் படிப்பதில்லை என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த அனுபவம்.

எல்லாப் பாடத்திலும் எழுத்து: எழுதச் சொல்லித்தருவது தமிழ், ஆங்கிலத் துறையின் வேலை மட்டும் இல்லை. பொருளாதாரம் படிப்பவர் பொருளாதாரம் எழுத வேண்டும், விலங்கியல் படிப்பவர் ஆய்வக அறிக்கை எழுத வேண்டும். எல்லாப் பாடத்திலும் எழுத்து என்ற இந்த அணுகுமுறை, அமெரிக்கக் கல்லூரிகளில் 1970-களில் ஒரு இயக்கமாகவே பரவியது.

கல்லூரி அளவில் செய்யக்கூடியது எழுத்து மையம். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1934-லேயே இப்படி ஒன்று தொடங்கிவிட்டது. அங்கே யாரும் கட்டுரையை எழுதித் தர மாட்டார்கள். மாணவர் தன் வரைவோடு போவார், ஒருவர் உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்பார், அவ்வளவுதான். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மாலையில் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற முதுகலை மாணவர் ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

நண்பன் திருத்தினால் சரியாக இருக்குமா?

இதற்கும் நன்னூலிலேயே பதில் இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்டதில் கிடைப்பது கால் பங்கு, உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் மீதிப் பாதி கிடைக்கும் என்பது அதன் கணக்கு.

நண்பருக்கு இலக்கணம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. "இந்த இடத்துல எனக்குப் புரியல", "இங்க போர் அடிக்குது", "இதை இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று 3 விஷயம் சொன்னால் போதும். அலங்காநல்லூரில் இருந்து ஒரே பஸ்ஸில் போகும் 4 பேர், போகிற வழியில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சொல்லலாம். உரக்கப் படித்துக் காட்டுவது இன்னும் நல்லது. மூச்சு முட்டும் வாக்கியம் எது என்று வாய்க்கே தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

இரண்டும் வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "இங்கிலீஷ் வரல" என்று சொல்பவர்களில் பலருக்கு, அதே விஷயத்தைத் தமிழிலும் ஒரு பத்தி எழுத முடிவதில்லை. அப்படியென்றால் சிக்கல் மொழியில் மட்டும் இல்லை. எண்ணத்தை வரிசைப்படுத்துவதில் இருக்கிறது. எது முதலில், எது அடுத்து, எது ஆதாரம் என்பதைத் தமிழில் ஒழுங்கு செய்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பாதி பாரம் குறையும்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலத் தொடர்புத் திறன் பயிற்சியும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20% முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. இரண்டு வாசலும் திறந்திருக்கிறது. எந்த வாசலில் நுழைந்தாலும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏஐ எழுதித் தருமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

மதுரைக்காரர்களுக்கு இதற்குப் பதில் சொல்லத் தேவையே இல்லை. தருமி கதை போதும்.

திருவிளையாடல் கதையில் தருமிக்குப் பொற்கிழி வேண்டும். பாட்டு எழுதத் தெரியாது. இறைவனே எழுதிக் கொடுத்தார். பாண்டியன் சபையில் நக்கீரர் எழுந்து பொருள் குற்றம் சொன்னபோது, தருமியால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் பாட்டு மோசமானது என்பது இல்லை. அது அவர் எழுதிய பாட்டு இல்லை. எழுதியவருக்குத்தான் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியும்.

வைவா தேர்வில் நடப்பதும் இதுதான். ஏஐ எழுதிய புராஜெக்டில் "இந்த முடிவுக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டால் அங்கே நிற்பது தருமிதான். தருமிக்காவது எழுதிக் கொடுத்தவரே நேரில் வந்து வாதாடினார். மாணவருக்கு அப்படி யாரும் வரப் போவதில்லை.

விதிகளும் கடுமை. அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதைத் தடுக்க யுஜிசி 2018-ல் விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேடுகளுக்கு அதன்படி:

• 10% வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை.
• 10%-க்கு மேல் 40% வரை: அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தி மீண்டும் தர வேண்டும்.
• 40%-க்கு மேல் 60% வரை: திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டு தடை.
• 60%-க்கு மேல்: அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து.

அதற்காக ஏஐ பக்கமே போகக் கூடாது என்றில்லை. கல்லூரி அனுமதித்தால், சொந்தமாக எழுதிய பத்தியைக் கொடுத்து "இதில் எந்த இடம் புரியவில்லை?" என்று கேட்கலாம். எழுதும் வேலையை ஒப்படைக்காமல், வாசகர் வேலையை மட்டும் கொடுப்பது அது. ஆனால் அது சொல்லும் தகவலையும் ஆண்டையும் மூல நூலில் சரிபார்க்காமல் எடுக்கக் கூடாது. இல்லாத புத்தகத்தைக்கூட இருப்பதாகச் சொல்லும்.

மதுரை சுற்றுவட்டாரத்தில் உதவி எங்கே கிடைக்கும்?

கலைஞர் நூற்றாண்டு நூலகம்: மதுரை நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்டது. 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு. வீட்டில் உட்கார்ந்து எழுத இடம் இல்லாதவர்களுக்கு, அமைதியான ஒரு மேசையே பெரிய உதவி.

மதுரைத் தமிழ்ச் சங்கம்: 1901-ல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கியது. 'செந்தமிழ்' இதழும் செந்தமிழ்க் கல்லூரியும் இதன் வழி வந்தவை. தமிழில் ஆய்வு எழுத நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம்.

ஆன்லைனில்: பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கலைச்சொற்களுக்கு அரசின் 'சொற்குவை' தளம், பிறர் ஆய்வேடுகளைப் பார்க்க 'ஷோத்கங்கா' ஆகியவை இலவசம். தற்காலச் சொற்களின் பொருளுக்கும் பயன்பாட்டுக்கும் க்ரியா அகராதி கையில் இருப்பது நல்லது.

தமிழ் விக்கிப்பீடியா: 2003 முதல் இயங்குகிறது. சொந்த ஊர்க் கண்மாய் பற்றியோ கோயில் பற்றியோ ஆதாரத்தோடு ஒரு சிறு கட்டுரை எழுதிப் போட்டால், முகம் தெரியாத யாரோ ஒருவர் வந்து திருத்துவார், ஆதாரம் கேட்பார். காசில்லாமல் கிடைக்கும் எழுத்துப் பயிற்சி இது.

இந்த வாரமே தொடங்க 5 விஷயங்கள்

1. தினமும் 10 நிமிடம், 8 வரி. அன்று வகுப்பில் கேட்டதை, புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் எழுதவும்.

2. செல்போனில் எழுதுபவர்கள் தங்கிலீஷை விட்டுத் தமிழ் எழுத்துக்கு மாறவும். ண, ன, ந வித்தியாசம் விரலுக்குப் பழகும்.

3. எழுதியதை ஒரு நாள் ஆறப் போட்டு, மறுநாள் உரக்கப் படிக்கவும். திக்கும் இடத்தைத் திருத்தவும்.

4. வாரம் ஒரு பத்தியை ஒரு நண்பரிடம் கொடுத்து, 3 கேள்வி கேட்கச் சொல்லவும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வரும்படி திரும்ப எழுதவும்.

5. தங்கள் பிழைகளுக்கு ஒரு தனி நோட்டு போடவும். ஒரு மாதத்தில் தெரியும், விடுவது நூறு வகைப் பிழை இல்லை, ஐந்தாறு வகைதான்.

வீட்டில் இருப்பவர்களும் இதில் பங்கெடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம்கூட, எழுதியதை வாசித்துக் காட்டலாம். "அப்புறம் என்னாச்சு?" என்று அவர் கேட்டால் கட்டுரை சரியான வழியில் போகிறது. "என்னடா சொல்ற, ஒண்ணும் விளங்கல" என்று சொன்னால், அந்த இடத்தைத்தான் திரும்ப எழுத வேண்டும்.